ஹெர் வில்கேயின் நான்கு கதிரைகள்

ஹெர் வில்கே இறந்துவிட்டார்... எங்கள் கீழ்வீட்டுக்காரர். பின்னேரம் அவருடைய மகன் வந்து சொன்னார்.

போர்வைக்குள் போனை வைத்து எழுதுகிறேன். அம்மா எழும்பினால் தொலைந்தேன்.

ஜெர்மனியின் வுப்பர்டாலில் எங்கள் கட்டடத்தில் அவருடைய நான்கு கதிரைகளைத் தெரியாதவர்கள் இல்லை. அவருடைய அப்பா வாங்கியவை, நூறு வயதாகப்போகிறது. இருக்கையும் சாய்வும் ஒரே பிளைவுட், அலை மாதிரி வளைத்தது. ஒரு ஆணி இல்லை.

"மியூசியத்தில் இதைத் தொடவே விடமாட்டார்கள். நான் இதில் உட்கார்ந்து முட்டை சாப்பிடுகிறேன்" என்று சிரிப்பார்.

மூன்று வருடத்துக்கு முன் நான் பெரியபிள்ளையாகி, என் சாமத்தியச் சடங்கு. கதிரை போதவில்லை என்று அம்மா என்னைக் கீழே அனுப்பினார். ஹெர் வில்கே ஒன்றைத் தூக்கித் தந்தார். "தண்ணீர் மட்டும் படக்கூடாது. பழைய பசை, கழன்றுவிடும்."

ஜெர்மனில் சொன்னார். எங்கள் வீட்டில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பின்முற்றத்தில் மாமி கதிரையைக் கண்டுவிட்டார். "உந்த வளைஞ்ச கதிரையிலயே பிள்ளையை இருத்துங்கோ, படத்துக்கு வடிவாயிருக்கும்."

"மாமி, இது..."

"வாயை மூடிக்கொண்டு குனியடி. வெக்கப்படுற நேரமே இது?"

எல்லோரும் சிரித்தார்கள். குனிந்தேன். பால், அறுகம்புல், பிறகு குடம் குடமாகத் தண்ணீர்.

அப்பா துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு கிழமையில் அது நனைந்த பள்ளிக்கூடக் கொப்பி மாதிரி விரிந்துவிட்டது.

"ஜெர்மன் பாஸ்போட்டுக்கு விண்ணப்பம் குடுத்திருக்கிறன். ஒருத்தரோடையும் பிரச்சினை வேண்டாம், பிள்ளை" என்று அப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

ஹெர் வில்கே படியில் என்னை நிறுத்தி ஒன்றுதான் கேட்டார். "நனைந்ததா?"

"இல்லை" என்றேன்.

"அப்படியென்றால் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்த என் பிழைதான். நல்லவேளை, நீ அதில் உட்கார்ந்திருக்கும்போது உடையவில்லை. மன்னித்துக்கொள்."

என்னிடம் மன்னிப்பு...

பிறகு ஒருநாள் பார்சல் கொடுக்கப் போனேன். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடி முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மற்ற மூன்று கதிரைகளும் சுவரோரம்.

இன்று அவருடைய மகன் என் அப்பாவிடம் சொன்னார், நாளைக்கு அந்த மூன்றையும் குப்பைக்கு வைக்கப்போகிறாராம். அவற்றில் உட்கார்ந்தால் உடைந்துவிடும் என்று ஹெர் வில்கேயே சொன்னாராம்.

காலையில் பள்ளிக்கூடம் போகமுன் கீழே போய் மகனிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன். விடிந்ததும் பின்வாங்கிவிடுவேன் என்ற பயத்தில்தான் எல்லோரும் பார்க்க இங்கே எழுதுகிறேன். அப்பா, தயவுசெய்து ஏசாதேங்கோ.

ஹெர் வில்கே... நனைந்தது.

உங்கள் மற்ற மூன்றுக்கும் ஒன்றுமில்லை. நீங்கள் உட்கார்ந்தே சாப்பிட்டிருக்கலாம்.

போய் வாங்கோ.