ஆட்டுப்பால் சீஸும் ‘சேராது’ என்ற சொல்லும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், பெங்களூரு வைட்ஃபீல்டில் நாங்கள் குடியிருக்கும் அபார்ட்மென்டில் நடந்தது இது. எதிர் ஃபிளாட் அக்காவின் மகளுக்குப் பிறந்தநாள். நான்கு வயதான என் மகளையும் அழைத்திருந்தார்கள்.

என் மகளுக்குப் பால் அலர்ஜி. குழந்தையாக இருந்தபோது, கொஞ்சம் தயிர்சாதம் ஊட்டியதற்கே முகம் வீங்கி மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். ஆனால் வெளியில் யாரிடமும் நான் இப்படிச் சொல்வதில்லை. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் என்று பெயர் வாங்கிவிடுவேனோ என்று தயக்கம். “பசும்பால் அவளுக்குச் சேராது” என்று சொல்லிச் சிரித்துவிடுவேன். அக்காவிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

அக்கா இதே பெங்களூரில், காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவர். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது. நாங்கள் உள்ளே நுழைந்ததுமே மேஜைக்கு இழுத்துப் போனார்.

“உம் பொண்ணுக்குன்னே வாங்கினேன் பாரு. ஆட்டுப்பால் சீஸ். பசும்பால் ஒரு சொட்டு கூடக் கலக்கலையேன்னு கடைக்காரன்கிட்ட கேட்டுக் கேட்டு, அவனே கடுப்பாயிட்டான்.”

ரொம்ப நாள் வைத்த சீஸில் ஆட்டு வாடை தூக்கலாக இருக்குமாம். பிள்ளைகளுக்கு ஆகாது என்று புதிதாகச் செய்ததைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஃபிரிட்ஜில் மீன் வாசனை ஏறிவிடாமல் பட்டர் பேப்பரில் சுற்றி, டப்பாவில் போட்டு, காய்கறித் தட்டில் வைத்திருந்தாராம். ஜில்லென்று இருந்தால் ருசி தெரியாது என்று முன்னதாகவே வெளியே எடுத்து, வெள்ளரி வில்லைகள் மேல் தடவி, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தேன் விட்டிருந்தார். கேக்கைக்கூடப் பால், வெண்ணெய் இல்லாமல் எண்ணெயில் செய்யச் சொல்லியிருந்தார்.

 ஆட்டுப்பாலும் கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. ஆனாலும், உண்மையிலேயே சொன்னாரா, நானாக நினைத்துக்கொண்டேனா? இவ்வளவு ஆசையாகச் செய்தவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு என்றால்? இப்படி நான் குழம்பிக்கொண்டிருக்கும்போதே அக்கா ஒரு வில்லையை நீட்ட, மகள் வாயைத் திறந்துவிட்டாள்.

சட்டென்று அவள் வாயைக் கையால் மூடினேன்.

“அக்கா, சேராதுன்னா சும்மா இல்லக்கா. மூச்சே நின்னுடும். ஆட்டுப்பாலும் ஆகாது.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அக்கா அந்த வில்லையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எனக்கு ஏசி சேராது, கத்திரிக்கா சேராது, என் நாத்தனாரும் சேராது. நான் அந்தச் சேராதுன்னு நெனச்சேன்மா. இப்படின்னு சொல்றதுக்கு என்ன?”

அவ்வளவுதான். அடுத்த நிமிடம் தட்டு சமையலறைக்குப் போனது. மேஜையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தார். சீஸ் தின்றிருந்த பிள்ளைகள் எல்லாரையும் வாஷ்பேசின் முன் வரிசையாக நிறுத்தி, “கையும் வாயும் கழுவினாத்தான் கேம்” என்றார். ஒருவன் முணுமுணுத்ததற்கு, “சும்னே நில்லுடா, பாப்பா நம்மகூட ஆடணும்ல?” என்று பாதிக் கன்னடத்தில் அதட்டினார். கடைசியில் தானும் முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்தார். கேக் டப்பாவில் ஒட்டியிருந்த, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற சீட்டை வரி வரியாக என்னையே படிக்கச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் என் மகளுக்கு வெட்டிக் கொடுத்தார். அந்தப் பிறந்தநாளில் அவள் எல்லாரோடும் சேர்ந்து சாப்பிட்டாள்.

கிளம்பும்போது மன்னிப்புக் கேட்கப் போனேன். “மிச்ச சீஸை நான்தான் தின்னு தீர்க்கணும். எனக்குச் சேருதான்னு நாளைக்குச் சொல்றேன்” என்று சிரித்து அனுப்பிவைத்தார்.

இப்போது எங்கே போனாலும் நான் முதலில் சொல்வது “இவளுக்குப் பால் அலர்ஜி, உயிருக்கே ஆபத்து” என்பதுதான். சிலர் முகம் சுளிக்கிறார்கள். அப்போதெல்லாம், என் ஒரு குழந்தைக்காக வாஷ்பேசின் முன் வரிசையில் நின்ற அந்த ஈரக் கைகளை நினைத்துக்கொள்கிறேன். குரல் தானாகவே தெளிந்துவிடுகிறது.