மலை அட்டைக்கு ஒரு தீக்குச்சி

காலையில் மலை உச்சிச் சோலைக்காட்டில் குளிரில் நடுங்கியவன், மதியம் எம். புதுப்பட்டி டீக்கடையில் வியர்த்து வழிகிறேன். இறங்க இறங்க மரங்கள் குட்டையாகி, கடைசியில் இந்தக் கரிசலில் உடைமுள்தான் மிச்சம். கால் அரிக்கிறது. காலுறையை இறக்கினால், ரத்தம் குடித்து உப்பிய ஓர் அட்டை.

மலையில் செய்தது போலவே சுட்டு உதிர்க்கலாம் என்று தீக்குச்சியை எடுக்கிறேன்.

"ஐயோ, உரசாதீக!"

பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த பட்டாசுக் கம்பெனிப் பெண் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடிக்கிறார். பக்கத்தில் நிற்கும் லாரியைக் காட்டுகிறார். "அம்புட்டும் வெடி லோடு!"

குச்சியைப் பெட்டிக்குள் திரும்பப் போடுகிறேன். கடைக்காரர் உப்பைத் தூவ, அட்டை சுருண்டு விழுகிறது. அந்தப் பெண் குனிந்து பார்க்கிறார்.

"என்ன பூச்சி இது? எங்கன பிடிச்சீக?"

"அந்த மலை மேலதான். அங்க எப்பவும் ஈரம். வர்ற மழையெல்லாம் மலையே வாங்கிக்குது."

"பொறந்ததுலருந்து அந்த மலையப் பாக்கேன், இது தெரியாதே! அதான் இங்கன வெயிலு. அதான் எங்களுக்கு வெடி காயுது."

கம்பெனிச் சங்கு ஊதுகிறது, போய்விடுகிறார். என் மணிக்கட்டில் ஐந்து விரல்களின் தடம் வெள்ளியாக மின்னுகிறது. வெடிக்குப் போடும் பொடி. அந்தக் கையோடுதான் என் தீக்குச்சியின் மேல் பாய்ந்திருக்கிறார்.