சிவப்புத் துண்டு என்று பெயர் வைத்த படம்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். செங்கோட்டையில் பரோட்டாக் கடை, சிவகிரியில் டயர் கடை, நடுவில் கொஞ்ச நாள் லாரியில் கிளீனர் என்று சுற்றிவிட்டு, ஒரு சீசனில் ஐந்தருவியில் ஒரு போட்டோக் கடையில் சேர்ந்தேன். கடைத் தரையிலேயே படுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதற்காகவே சேர்ந்தேன்.

முதலாளி அருவியில் நின்று குளிப்பவர்களைப் படம் எடுப்பார். கேமராவின் மெமரி கார்டு நிரம்பியதும் என்னிடம் கொடுத்துவிட்டு வேறு கார்டோடு போய்விடுவார். நான் லேப்டாப்பில் ஒவ்வொரு படமாகத் திறந்து, வெளிச்சம் கூட்டி, பெயர் வைத்துச் சேமிக்க வேண்டும். பிறகு கார்டை அழித்துத் தயாராக வைக்க வேண்டும். குளித்து முடித்து வருபவர்கள் கேட்டால் பிரிண்ட் போட்டுக் கொடுப்பேன்.

கேமரா தானாகக் கொடுக்கும் எண்ணே பெயராக இருக்கட்டும் என்பது முதலாளியின் கட்சி. அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி, குளிப்பவர் கையில் கொடுத்தும் விடுவார். கடைக்கு வருவதற்குள் சீட்டு கூழாகிவிடும். எனக்கு எண்களைக் கண்டாலே பிடிக்காது. ஏழெட்டு எண்கள் வரிசையாக நின்றால் கண்ணைக் கட்டியதுபோல் ஆகிவிடும். அதனால் படத்தில் எது கண்ணில் பட்டதோ அதையே பெயராக வைத்தேன். மொட்டைத்தலை, பச்சைச்சேலை, மூன்றுபிள்ளை. தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பேன். சொற்களுக்கு நடுவில் இடம் விடமாட்டேன், சேர்த்தே அடிப்பேன். இடம் விட்டால் பெயர் அங்கேயே உடைந்து பாதி தொலைந்துவிடும் என்று ஒரு பயம். யாரும் சொல்லித் தந்ததில்லை.

"ஏலே, கம்ப்யூட்டர்ல பேரு வைக்கியா, ஆட்டுக்கு அடையாளம் வைக்கியா?" என்பார் முதலாளி.

"சீட்டு கரைஞ்சு போகுது அண்ணாச்சி. மொட்டைத்தலை கரையாதுல்லா?"

"முடி மொளைக்கும்லே."

அந்தச் சனிக்கிழமை மதியம் ஒரு பெரியவரும் அவர் மகனும் வந்தார்கள். மகன் ஷூ போட்டுத் தலை சீவி நின்றான். சாயங்காலம் திருவனந்தபுரத்தில் விமானம், துபாய்க்குப் போகிறான். வெளியே கார் நின்றது. பெரியவர் கையைத் திறந்து காட்டினார். சீட்டு ஒரு வெள்ளை உருண்டையாக இருந்தது.

"தம்பி, நானும் மவனும் அருவில நிக்க படம். அத மட்டும் எடுத்துக் குடு."

"வாப்பா இத்தன வருசத்துல அருவிக்குள்ள வந்ததே இல்லண்ணே" என்றான் மகன். "தண்ணின்னா அவ்வளவு பயம். இன்னைக்குத்தான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். உம்மா நம்பவே மாட்டா, படம் காட்டணும்."

"என்ன உடுத்தியிருந்திய பாய்?"

"சிவப்புத் துண்டு."

கரையில் இருந்த கடைகளில் அந்த வாரம் சிவப்புத் துண்டுகளைத்தான் தொங்கவிட்டிருந்தார்கள். துண்டு கொண்டுவராதவர்கள் எல்லாரும் அதையே வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சிவப்புத்துண்டு, சிவப்புத்துண்டுதாடி, சிவப்புத்துண்டுரெண்டுபேர் என்று பெயர்கள் இருந்தன. ரெண்டுபேரைத் திறந்தேன். வேறு யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. காலையில் அந்தப் பெயரைச் சேமித்தபோது திரையில் ஒரு பெட்டி வந்தது. ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. எப்போதும்போல 'யெஸ்' அழுத்தினேன். 'நோ' அழுத்தினால் வேலை நின்றுவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது, அதை அழித்துவிட்டு இதை வைக்கட்டுமா என்றுதான் அது கேட்டிருக்கிறது என்று இப்போது புரிந்தது. கார்டையும் அழித்தாயிற்று, அதில் முதலாளி மறுபடி நூறு படம் எடுத்தும் ஆயிற்று.

இருந்தும் எல்லாப் படங்களையும் திறந்தேன். மவுஸ் கையில் வழுக்கியது. வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான்.

"பாய், படம் போயிட்டு. நான்தான் அழிச்சிட்டேன்" என்றேன்.

பெரியவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "திரும்ப நிப்போம் வாப்பா" என்று மகன் ஷூவைக் கழற்றக் குனிந்தான். அருவியில் தண்ணீர் கூடிவிட்டது என்று போலீஸ்காரர் விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றிக்கொண்டிருந்தார். மகன் நிமிர்ந்துவிட்டான்.

"நீ அந்தப் படத்தப் பாத்தியா?" என்று பெரியவர் என்னிடம் கேட்டார்.

"பாத்தேன் பாய். பாக்காம பேரு வைக்க முடியாதுல்லா."

அவர் போனை எடுத்து எண்ணை அழுத்தி என் கையில் கொடுத்தார். "வீட்டுல சொல்லு."

"ஆமாம்மா, பாய் அருவில நின்னாவ. மவன் கையப் பிடிச்சுக்கிட்டு நின்னாவ. நான் படத்துல பாத்தேன்" என்றேன்.

அந்த அம்மா கேட்டார், "கண்ணத் தொறந்திருந்தாவளா, மூடியிருந்தாவளா?"

காலையிலிருந்து எத்தனை சிவப்புத் துண்டுகள் பார்த்திருப்பேன். ஒருவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் பக்கத்து ஆளைப் பற்றிக்கொண்டு நின்றது ஞாபகம் இருந்தது. அது இவர்தானா என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர் என் வாயையே பார்த்தார்.

"இறுக்கி மூடியிருந்தாவ."

அந்த அம்மா சிரித்தார். "அப்ப அவுகளேதான்."

பெரியவர் போனை வாங்கிக் காதில் வைத்தபடி காருக்குப் போனார். மகன் என்னிடம் தலையை மட்டும் ஆட்டினான். கார் கிளம்பிய பிறகும் நான் சிவப்புத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தேன். இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நின்றவர் எதிலாவது இருந்துவிட்டால், நான் போனில் சொன்னது வேறு யாரையோ என்று ஆகிவிடுமே என்று பயமாக இருந்தது.