என் கையெழுத்தில் இரண்டு பட்டியல்கள்

மூன்று வருடங்களுக்கு முன், சித்திரை மாதக் கடைசியில் நடந்தது இது. குத்தாலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம் வந்தால் எங்கள் ஊர். எனக்கு அங்கே ஐந்து ஏக்கர் நெல் வயல், கொஞ்சம் சொந்தம், மீதி குத்தகை. ஆனால் நிலத்தைவிட எனக்குப் பெருமையாக இருந்தது என் கையெழுத்துதான். முத்து முத்தாக இருக்கும். ஜமாபந்தி மனு, பயிர் இன்சூரன்ஸ் விண்ணப்பம், கோயில் அழைப்பிதழ், எதுவானாலும் தாளும் பேனாவும் என் வீட்டு வாசலுக்குத்தான் வரும். “அண்ணன் எழுதிட்டா ஆபீஸ்ல மறுபேச்சு கெடையாது” என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது.

அந்தச் சமயம் மாநில அரசு வீட்டுவசதிச் சட்டத்தை மாற்றியிருந்தது. முன்பெல்லாம் எந்த ஊருக்கு எத்தனை வீடு என்ற எண்ணிக்கை மேலேயிருந்து வரும். வந்த பிறகு அது யாருக்கு என்று நாங்கள் இங்கே அடித்துக்கொள்வோம். புதிய சட்டத்தில் அது தலைகீழ். வீடு தேவைப்படும் குடும்பங்களை அந்தந்த ஊராட்சியே கணக்கெடுக்க வேண்டும். அவர்களுக்கான இடத்தையும் ஊராட்சியே காட்ட வேண்டும். பட்டியலைக் கிராம சபையில் வாசித்து ஒப்புதல் வாங்கிய பிறகு, பக்கத்து ஊர்களின் கணக்கோடு சேர்த்து ஒன்றியத்தில் ஒரே திட்டமாகப் போடுவார்கள்.

எங்கள் ஊராட்சி செயலர் ஏற்கெனவே இரண்டு ஊரைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். “கீழத்தெருவ மட்டும் நீங்க எழுதிக் குடுத்துடுங்கண்ணே” என்று படிவக் கட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

கீழத்தெரு என்பது வாய்க்கால் கரையோரம் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்பது கீற்று வீடுகள். எங்கள் வயலுக்கு நடவுக்கும் களை எடுப்புக்கும் வருகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் நிரம்பினால் அந்த வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிடும். வீடு தேவை என்பதைக் கணக்கெடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை, கண்ணாலேயே தெரியும்.

படிவம் வந்த அன்று சாயங்காலம் ஒன்றியத்து ஓவர்சியர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். பேச்சுவாக்கில் அவர் சொன்ன ஒரு விஷயம்தான் என்னைக் கெடுத்தது. குடும்பம் பத்துக்குள் இருந்தால் இருக்கிற இடத்திலேயே மேடாக்கி வீடு கட்டிக்கொடுத்துவிடலாமாம். பத்தைத் தாண்டினால் புது இடம் ஒதுக்கித்தான் ஆக வேண்டுமாம். “ஒங்க ஊர்ல வேற எடம் ஏது? ஒங்க களத்துக்கிட்ட கெடக்குற நத்தம் புறம்போக்குதான்” என்று சிரித்துக்கொண்டே டீயை உறிஞ்சினார்.

அவர் ‘களத்துக்கிட்ட’ என்றது மரியாதைக்காக. அந்தப் புறம்போக்குதான் என் களமே. இருபது வருடமாக அறுத்த நெல்லை நான் அங்கேதான் காயப்போடுகிறேன். வைக்கோல் போர் அங்கேதான் நிற்கிறது. ஓரமாக நான் வைத்த ஆறு தென்னை காய்த்துக்கொண்டிருந்தது. அது அரசாங்க இடம் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. யாராவது அதை என் இடம் என்று சொன்னால் நான் திருத்தியதும் இல்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து படிவத்தைப் பிரித்துப் படித்தேன். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் விளக்கம் போட்டிருந்தது. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும், திருமணமாகித் தனியாகச் சமைப்பவர்களைத் தனிக் குடும்பமாக எழுத வேண்டும் என்று தெளிவாக இருந்தது. நான் அதை இரண்டு முறை படித்தேன். இதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இன்றுவரை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் பேடும் பேனாவுமாகக் கீழத்தெருவுக்குப் போனேன். மூன்றாவது வீடு, நடவுக்கு ஆள் திரட்டி வரும் அம்மாவின் வீடு. என் வயலில் பதினைந்து வருடமாக முதல் நாற்று ஊன்றுவது அவர்தான். என்னைவிட இரண்டு வயது பெரியவராகக்கூட இருக்கலாம். ஆனால் அவர் என்னை ‘ஐயா’ என்பார், நான் அவரை ‘நீ’ என்பேன். அதுவும் எனக்கு அதுவரை உறுத்தியதில்லை.

“மூணு குடும்பங்கய்யா” என்றார். அவரும் கணவரும் ஒன்று, கல்யாணமான இரண்டு மகன்கள் இரண்டு. அதற்குச் சாட்சியாக மூன்று அடுப்பையும் காட்டினார். உள்ளே ஒன்று, சாய்ப்பில் ஒன்று, பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே ஒன்று. சின்ன மகனின் அடுப்பு பற்றவைத்து நாளாகிக் கிடந்தது. மருமகள் வளைகாப்பு முடிந்து குத்தாலத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். பிரசவத்துக்குப் பிறகு இங்கே அனுப்ப மாட்டோம், புடவையைக் குறுக்கே கட்டித் தடுத்த இடத்தில் பச்சைப்பிள்ளையை எப்படி வைத்துக்கொள்வது, தனியாக ஒரு அறை இருந்தால் சொல்லுங்கள் என்று சம்பந்தி வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம். “இந்தக் கணக்குல நம்ம பேரு வந்துட்டா புள்ள இங்க வந்துடுங்கய்யா” என்றார்.

நான் வாசலைப் பார்த்தேன். “கதவு ஒண்ணுதானம்மா இருக்கு. ரேஷன் கார்டும் ஒண்ணுதான. அதுபடிதான் எழுதணும்” என்றேன். என் குரல் எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்பது இன்றும் காதில் கேட்கிறது.

அவர் கொஞ்ச நேரம் என் பேனாவையே பார்த்தார். “நீங்க பாத்து எழுதுனா சரியாத்தாங்கய்யா இருக்கும்” என்று சொல்லிவிட்டு, வெயிலில் வந்திருக்கிறேன் என்று ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் வாங்கிக் குடித்தேன்.

ஒன்பது கதவு, ஒன்பது குடும்பம். பட்டியலை அழகாகக் கோடு போட்டு எழுதி முடித்து மனைவியிடம் காட்டினேன். அவள் கீழத்தெருப் பெண்களோடு குழாயடியில் தினமும் பேசுகிறவள். ஒரு பார்வை பார்த்துவிட்டு, “வீடு இல்லாதவங்களை எழுதிட்டு வாங்கன்னா, நீங்க ஆளே இல்லன்னு எழுதிட்டு வந்துருக்கீங்க” என்றாள். உனக்கு என்ன தெரியும் அரசாங்க விஷயம் என்று அவள் வாயை அடைத்தேன்.

அடுத்த வாரம் வாய்க்கால் தூர் வாரும் வேலை வந்தது. மேட்டூர் திறப்பதற்கு முன்னால் வருடாவருடம் நடப்பது. ஆற்றையும் பெரிய வாய்க்காலையும் பொக்லைன் பார்த்துக்கொள்ளும். வயலுக்குள் வரும் சின்ன வாய்க்காலை நாங்கள்தான் மண்வெட்டி போட வேண்டும். அதற்கு எங்கள் ஊர் வழக்கம் தலைக்கட்டுக்கு ஒரு ஆள். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. தாலி கட்டிய மறுவருடமே பட்டியலில் பெயர் ஏறிவிடும். நிலம் இருக்கிறவன், இல்லாதவன் என்ற பேச்சு கிடையாது. ஒரு சென்ட் நிலம் இல்லாத கீழத்தெருக்காரர்களும் என் வயலுக்குத் தண்ணீர் வர மண்ணை அள்ளிப்போடுவார்கள். அதில் இருக்கும் அநியாயமும் எனக்கு அப்போது தோன்றியதில்லை.

அந்தப் பட்டியலையும் நான்தான் எழுதுவேன். அந்த வருடமும் எழுதி, சோற்றுக் கஞ்சி தடவி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினேன். காலையில் கரையில் நின்று, கையில் இருந்த நகலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டேன். கீழத்தெருவிலிருந்து மட்டும் இருபத்தோரு பேர். அந்த அம்மாவின் வீட்டிலிருந்து மூன்று பேர், கணவர், பெரிய மகன், சின்ன மகன். ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் டிக் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதுகூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை. வாய்க்காலுக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்று என் தலைக்குள் இரண்டும் தனித்தனி அறையில் இருந்தன.

கிராம சபை பள்ளிக்கூட வளாகத்தில், வேப்பமரத்தடியில் கூடியது. ஒன்றியத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். சின்ன வயது, சிரிக்காத முகம். எழுதியவரே வாசிக்கட்டும் என்று தலைவர் மைக்கை என்னிடம் கொடுத்தார். நான் கணீரென்று ஒன்பது பெயரையும் வாசித்தேன். ஆட்சேபம் உண்டா என்று அதிகாரி கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. சரி, முடிந்தது என்று நான் மைக்கைக் கீழே வைக்கப் போனேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து அந்த அம்மா எழுந்து வந்தார். கையில் ஒரு தாள். பின்னால் காய்ந்த கஞ்சியும் சுண்ணாம்பும் ஒட்டியிருந்தது. ரேஷன் கடைச் சுவரில் நான் ஒட்டிய பட்டியல். கிழியாமல் இருக்க ஈரத்துணி வைத்துப் பக்குவமாக உரித்திருக்கிறார்.

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. இதையும் ஐயாவே படிச்சிடட்டும். அவுரு கையெழுத்துதான்” என்றார்.

நான் தாளை வாங்கினேன். அதிகாரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை, கீழத்தெருப் பெயர்களைப் படித்தேன். முதல் பெயரைப் படிக்கும்போது குரல் நன்றாகத்தான் இருந்தது. ஏழு, எட்டு தாண்டியதும் வேகமாகப் படித்து முடிக்கப் பார்த்தேன். மைக் என் மூச்சையும் சேர்த்து ஊருக்குச் சொன்னது. ஒன்பது முடிந்த பிறகும் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. இருபத்தோராவது பெயரைப் படித்து முடித்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா குரலை உயர்த்தவே இல்லை. “வாய்க்கா வெட்டையில நாங்க மூணு குடும்பம். வீடு குடுக்கையில ஒண்ணாங்கய்யா?” என்று மட்டும் கேட்டார். என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்குச் சண்டைக்குப் போயிருப்பேன். அவர் எனக்குத் தெரிந்த ஒரு விவரத்தை விசாரிப்பதுபோலக் கேட்டார்.

அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் நீங்கள் எழுதியதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்து விளக்கத்தின் மேல் விரலை வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் குறுக்கே வந்துவிட்டார். “அண்ணன் ரேஷன் கார்டைப் பாத்து எழுதிட்டாருங்க. பின்பக்கம் கவனிச்சிருக்க மாட்டாரு. தெரியாம நடந்துடுச்சு” என்றார். அதிகாரி என் பதிலுக்காகப் பார்த்தார்.

நான் தலையாட்டினேன். தப்பாக எழுதியது ஒரு கேவலம் என்றால், அந்தத் தலையாட்டல் அதைவிடப் பெரிய கேவலம். அன்றைக்கு அத்தனை பேருக்கு முன்னால் உண்மையைச் சொல்லச் சரியாக ஒரு நிமிடம் கிடைத்தது. நான் நல்லவனாகவே வீட்டுக்குப் போனேன்.

பட்டியல் இருபத்தொன்றாகத் திருத்தப்பட்டது. ஆனால் ஒரு தெருவில் இவ்வளவு வித்தியாசம் என்றால் மற்ற தெருக்களின் கணக்கையும் நம்ப முடியாது என்று அதிகாரி ஊர் முழுவதும் மறுபடி எடுக்கச் சொல்லிவிட்டார். அது முடிவதற்குள் பக்கத்து ஊர்களைச் சேர்த்து ஒன்றியத் திட்டம் போய்விட்டது. எங்கள் ஊர் அடுத்த சுற்றில்தான் சேர்ந்தது. முழுசாக ஒரு வருடம் போனது.

களமும் போனது. தென்னையை வெட்டும்போது நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஊரில் எல்லோரும் என்மேல் பரிதாபப்பட்டார்கள். நானாக இடத்தை விட்டுக்கொடுத்ததாகக்கூடச் சிலர் சொன்னார்கள். அதையும் நான் மறுக்கவில்லை.

இந்த வருடம் தை மாதத்தில் அந்த அம்மா வெற்றிலை பாக்குத் தட்டோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். சின்ன மகன் வீட்டுக்குப் பால் காய்ச்சுவதாகவும், நானும் என் மனைவியும் அவசியம் வர வேண்டும் என்றும் சொன்னார். எனக்குப் போகத் தைரியம் இல்லை. மனைவிதான் விடவில்லை. “கணக்கெடுக்கப் போன காலு, காப்பி குடிக்கப் போகாதா?” என்றாள்.

போனேன். என் வைக்கோல் போர் நின்ற இடத்தில் அந்த வீடு நின்றது. சின்ன மருமகள் குத்தாலத்திலிருந்து வந்திருந்தாள். பிள்ளை இரண்டு வயதைத் தாண்டி, வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா “வாடா கண்ணு” என்று கையை நீட்டினார். தெரியாத முகத்தைப் பார்த்ததுபோல மிரண்டு, அது தன் அம்மாவின் புடவைக்குள் ஒளிந்துகொண்டது. “பழகலல்லங்கய்யா, போகப் போகச் சரியாயிடும்” என்று அவர் என்னிடம் சிரித்தார். எனக்கு நாற்காலியில் உட்காரவே முடியவில்லை.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். “களம் போயிடுச்சே, வைக்கோலையெல்லாம் எங்கங்கய்யா போடுறீங்க?” என்று கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் குத்தல் இல்லை. ஆனால் நான் ஏன் ஒன்று என்று எழுதினேன் என்பது முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரியும் என்று அந்த நிமிடம் எனக்குப் புரிந்தது. மோர் கொடுத்தபோதே தெரிந்திருக்கும்.

“பின்னாடி கொஞ்சம் எடம் கெடக்குங்க. மழைக்கு முன்ன நாலு கட்டு இங்க போட்டுக்கங்க” என்றார்.

“நீங்க சொன்னதே போதும்மா” என்றேன். அவரை நான் ‘நீங்க’ என்றது அதுதான் முதல் முறை. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை.

இப்போதும் எழுதச் சொல்லி யாராவது தாளோடு வருகிறார்கள், கையெழுத்து அதே முத்து முத்தாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத உட்காரும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளை புடவைக்குள் ஒளிந்துகொண்ட முகம் முன்னால் வந்து நிற்கிறது. அந்த வீட்டில் ஓடி, அந்த அம்மாவின் விரலைப் பிடித்து நடந்திருக்க வேண்டிய ஒரு வருடத்தை, ஆறு தென்னைக்காக நான்தான் அடித்து எழுதினேன்.