பின்தளத்தில் நின்ற ஐந்து பேர்

அண்ணன் செத்த பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பேன். வேலை முடிந்து மோட்டாரை எடுத்தால் நேராக வீட்டுக்குப் போகமாட்டேன். ஈப்போவைச் சுற்றுவேன், பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிற தஞ்சோங் ரம்புத்தான் வரை போவேன், அங்கே ஒரு வேலையும் இல்லாமல் திரும்பி வருவேன். எங்கே போயிருந்தாய் என்று பெரியம்மா கேட்டார். சொன்னேன்.

"நல்ல ஊருக்குத்தான் போயிருக்க. அடுத்த தடவ அங்கயே ஒரு கட்டில் பாத்து வச்சிட்டு வா லா" என்றார்.

அம்மாகூடச் சிரித்தார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை செய்தான். வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் கப்பலைக் கரையோடு சேர்த்துக் கட்டும்போது கயிறு அறுந்து அவனை அடித்தது. கயிறு என்றால் நாம் துணி காயப்போடுகிற கயிறு இல்லை. என் கை அளவு தடிமன் இருக்கும். இழுபட்டு நிற்கும்போது அறுந்தால், அது போகிற வேகத்தைக் கண்ணால் பார்க்கவே முடியாதாம்.

கப்பல் கம்பெனியிலிருந்து வந்த கடிதம் இங்கிலீஷில் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படிவம் மூன்றோடு நின்றவள். கைப்பேசியில் படம் பிடித்து, தமிழுக்கு மாற்றிப் பார்த்தேன். பாதி வரிகள் தமிழிலும் புரியவில்லை. ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது. இறந்தவர் பயிற்சி பெற்றிருந்தும் நிற்கக் கூடாத இடத்தில் நின்றிருந்தார்.

அம்மாவிடம் கயிறு அறுந்துவிட்டது என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அந்த வரியை நான் மட்டும் வைத்துக்கொண்டேன். என் அண்ணன் கவனக்குறைவான ஆள் இல்லை. வீட்டில் கேஸ் மூடியிருக்கிறதா என்று இரண்டு தடவை போய்ப் பார்ப்பவன். அவன் ஏன் அங்கே நின்றான்? அதைத் தெரிந்துகொள்ளாமல் அம்மாவிடம் அந்த வரியைச் சொல்ல முடியாது. சொல்லாமல் அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. அதனால்தான் மோட்டாரை எடுத்துக்கொண்டு சுற்றினேன் என்று நினைக்கிறேன்.

அண்ணனின் பையைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவனோடு படித்து, அவனோடு அதே கப்பலில் ஏறியவர். பாரிட் புந்தாரில் அவருடைய வாப்பாவுக்குச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அண்ணனை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அவர் கப்பலின் முன்பக்கம், அண்ணன் பின்பக்கம். அவருக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டதாம். அதோடு கடல் வேலையை விட்டுவிட்டு, லுமுட்டில் கப்பல் வேலை சொல்லிக்கொடுக்கும் ஓரிடத்தில் வாத்தியாராகச் சேர்ந்துவிட்டார். வாத்தியார் என்றாலும் என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. எங்கள் வீட்டில் நான் செய்து மாட்டியிருந்த அடுப்படி அலமாரியைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"படம் ஒட்டி வச்சிருக்கோம் தங்கச்சி. எங்க நிக்கணும், எங்க நிக்கக்கூடாதுன்னு கோடு போட்டுக் காட்றோம். பசங்க தலைய ஆட்டுறானுங்க, ஒண்ணும் வெளங்கல. மரத்துல பெருசா ஒரு கப்பல் இருந்து, கயித்த அவனுங்களே கட்டிப் பாத்தா..."

அவர் முடிக்கும் முன்னே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் அவர் கோயில் கோபுரம் கேட்டிருந்தாலும் செய்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

நான் மெங்லெம்புவில் ஒரு சீனருடைய கடையில் அடுப்படி அலமாரி செய்கிறேன். முதலாளியைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். பலகை அறுப்பது, ஓரம் ஒட்டுவது, கீல் மாட்டுவது. கப்பலை முதலில் வீட்டில்தான் தொடங்கினேன். வருசம் திரும்பாத வீட்டில் மரம் அறுக்கிற சத்தம் கேட்கக்கூடாது, இன்னொரு பெட்டி செய்கிற மாதிரி இருக்கிறது என்று பெரியம்மா சொன்னார். அப்புறம் எனக்கே அது அப்படித்தான் கேட்டது. எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் செய்துகொள்ள தவுக்கே விட்டார். மீந்த பலகைகளையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். இந்தக் கப்பலில் எத்தனை இழுப்பறை வருகிறது என்று மலாயில் தினமும் கேட்பார். நான் பதில் சொல்லமாட்டேன். அவரும் பதிலுக்காக நிற்கமாட்டார்.

நான் கப்பலைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. பங்கோர் தீவுக்குப் போகும் பயணிகள் படகில் இரண்டு தடவை ஏறியிருக்கிறேன், அவ்வளவுதான். அதனால் முதலில் செய்ததன் அடிப்பாகம் தட்டையாக, நாலு மூலையோடு வந்துவிட்டது. வாத்தியாருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "இது கப்பலா, சாப்பாட்டு மேசையா தங்கச்சி?" என்று கைப்பேசியில் குரல் அனுப்பினார். கோபத்தில் ரம்பத்தை எடுத்து நடுவில் அறுத்தேன். இரண்டாவது தடவை, மெல்லிய ரப்பர் மரப் பட்டிகளைத் தண்ணீரில் ஊறவைத்து, வளைத்து, பிடிப்பான் போட்டு இறுக்கி, ஒவ்வொன்றாக ஒட்டினேன். காயும்வரை விடவேண்டும். என்னால் விட முடியாது. தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். மூன்று பட்டிகள் அதனாலேயே பிய்ந்து வந்தன.

ஐந்தடி நீளம். கீழே சிவப்பு, மேலே கறுப்பு. கயிற்றைச் சுருட்டி இழுக்கும் இயந்திரத்துக்கு விஞ்ச் என்று பெயர். அதை நூல் சுற்றிய உருளைகளில் செய்தேன், கையால் சுற்றலாம். கயிறு வெளியே போகும் வளையங்களுக்கு, சட்டை மாட்டும் அலுமினியக் குழாயைத் துண்டு போட்டேன். கயிறு, ஜன்னல் திரையின் வெள்ளைக் கயிறு. கப்பலைக் கட்டிவைக்க ஒரு பலகைக் கரையும் செய்தேன். பின்பக்கத் தளத்தை மட்டும் நாலு தடவை பிரித்துச் செய்தேன். பையில் வந்த அண்ணனின் பயிற்சி நோட்டை விரித்துவைத்து, அவன் வரைந்திருந்தபடியே கயிறு மாட்டும் ஒவ்வொரு இரும்புக் கட்டையையும் அது அது இருக்கவேண்டிய இடத்தில் வைத்தேன். எங்கே நின்றிருப்பான் என்று விரலை வைத்துத் தேடுவேன். விரல் பெரிது, தளம் சின்னது. ஒன்றும் தெரியவில்லை.

கடைசியில் ஆட்கள். அலமாரிப் பலகைகளை இணைக்கும் மரக்குச்சிகள் கடையில் பை பையாகக் கிடக்கும். அவற்றைச் செதுக்கி ஐந்து பேரைச் செய்தேன், ஆளுக்கொரு மஞ்சள் தலைக்கவசம். ஒருவனுக்கு மட்டும் காலை அகட்டிச் செதுக்கினேன். அது யாரென்று யாருக்கும் சொல்லவில்லை. நோட்டில் அண்ணன் பச்சையில் கட்டம் போட்டிருந்த இடங்களில், ஆபத்தில்லாத இடங்களில், துளை போட்டு ஐந்து பேரையும் பசை ஊற்றி நிறுத்தினேன். எங்கள் தொழிலில் எது ஆடினாலும் வீட்டுக்காரர் திரும்பக் கூப்பிட்டுத் திட்டுவார். ஒட்டாமல் எதையும் விட எனக்குத் தெரியாது.

வாத்தியார் வந்து பார்த்தார். விஞ்சைச் சுற்றிப் பார்த்தார், கயிற்றைக் கட்டிப் பார்த்தார், நல்லா இருக்கு என்றார். பிறகு ஓர் ஆளைப் பிடித்து அசைத்தார்.

"இது நவுறாதா?"

"நவுறாது. பசை போட்டாச்சு."

"நவுறணுமே தங்கச்சி. பசங்க ஆள எடுத்து வைக்கணும். தப்பா வைக்கணும். அப்பத்தான் நான் கயித்த அறுத்துக் காட்ட முடியும்."

முடியாது என்றேன். எல்லாரும் சரியான இடத்தில்தான் நிற்கிறார்கள், பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்றேன். எனக்கே குரல் உயர்வது தெரிந்தது. தவுக்கே உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். வாத்தியார் போய்விட்டார். இரண்டு வாரம் கப்பலைத் துணி போட்டு மூடிவைத்தேன். துணியை எடுப்பேன், மூடுவேன். ஆள் தப்பான இடத்தில் நிற்காவிட்டால் இந்தக் கப்பல் வெறும் அலங்காரம் என்று எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஒரு நாள் இடுக்கியை எடுத்து நாலு பேரைத் திருகிப் பிடுங்கினேன். காலை அகட்டி நின்றவனை மட்டும் பிடுங்கவில்லை.

லுமுட்டில், பெற்றோர் வந்து பார்க்கும் நாளில் கப்பலை வைத்தார்கள். அம்மாவும் வந்தார். துக்க வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்கப் போகலாமா என்று பெரியம்மா தடுத்தார். கோயிலுக்குத்தான் போகக்கூடாது, இது பள்ளிக்கூடம் என்று சொல்லிவிட்டு அம்மா காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கப்பல், கூடத்தின் நடுவில் நீண்ட மேசைமேல் இருந்தது. நான் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். யாராவது கையை வைத்தால் எனக்குத் தூக்கிவாரிப்போடும்.

பையன்கள் ஆட்களை எடுத்து எடுத்து வைத்தார்கள். தப்பாக வைத்தால் வாத்தியார் கயிற்றின் ஒரு முனையை விடுவார், கயிறு பின்னால் துள்ளி அந்த ஆளைத் தட்டிவிடும். உடனே மற்றவர்கள் "செத்தான்" என்று கத்திச் சிரிப்பார்கள். மலாய்ப் பையன்களும் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டு தமிழிலேயே கத்தினார்கள். அவர்களுக்கு எங்களை யாரென்று தெரியாது.

அம்மா குனிந்து அந்த ஐந்தாவது ஆளைப் பார்த்தார்.

"இது மட்டும் ஏன் ஆடாம நிக்குது?"

"அது அண்ணன்மா" என்றேன்.

அம்மா அவனுடைய தலைக்கவசத்தை விரலால் தடவினார். "அவன் ஓரத்துல நிக்க மாட்டானே" என்று சொல்லி, இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். பசை விட்டுவிட்டது. அப்படியே கொண்டுபோய் விஞ்சுக்குப் பின்னால், கயிறு ஓடுகிற அதே நேர்கோட்டில், கடைசியில் நிறுத்தினார். "கயிறுன்னா அவன் இங்கதான்."

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சிலிம் ரிவரில், நாங்கள் குடியிருந்த தோட்டம் விற்கப்படுவதற்கு முன், ஒவ்வொரு பொங்கலுக்கும் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். எங்கள் லயத்து அணியில் கடைசி ஆள் அண்ணன்தான். பதினைந்து வயதிலிருந்து அவன்தான். கயிற்றுக்கு நேரே நிற்பான், காலை அகட்டி மண்ணில் குத்துவான், உடம்பைப் பின்னால் சாய்ப்பான். கயிற்றின் கோட்டிலிருந்து ஒரு அடி விலகினாலும் திட்டு விழும். அம்மா எல்லா வருசமும் முன்வரிசையில் நின்று கத்தியவர். பல வருசம் உடம்பு கற்றுக்கொண்டதைச் சில மாத வகுப்பு எப்படி மாற்றும்? கயிறு கனத்தவுடன் அவன் உடம்பு தானாக அந்தக் கோட்டில் போய் நின்றிருக்கும்.

"ஆண்டி, அந்த ஆள் செத்தான்" என்று ஒரு பையன் சிரித்தான்.

அம்மா என்னைப் பார்த்தார். "இங்க நின்னா செத்துருவாங்களா?"

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தேன். ஆனால் மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "ஆமாம்மா. கடுதாசில அதான் போட்டிருக்கு. நிக்கக்கூடாத எடத்துல நின்னான்னு. நான்தான் ஒங்ககிட்ட சொல்லல."

அம்மா அழவில்லை. அந்தச் சின்ன ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாத்தியாரிடம் கேட்டார்.

"அவன் நின்னான், சரி. நவுறு தம்பின்னு சொல்ல அங்க ஒருத்தரும் இல்லியா?"

வாத்தியார் கயிற்றை மேசைமேல் வைத்தார். அதற்கென்றே ஓர் ஆள் உண்டு என்றார். அவர் கயிற்றைத் தொடக்கூடாது, எட்ட நின்று எல்லாரையும் பார்ப்பது மட்டும்தான் அவர் வேலை.

"அன்னிக்கு ஆளு பத்தலம்மா. அவரும் சேந்து கயிறு இழுத்தாரு. பின்னால நின்னவங்க எங்கிட்ட சொன்னாங்க."

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன், பையன்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"எல்லாரும் அவன் ஏன் அங்க நின்னான்னுதான் கேட்டாங்க தங்கச்சி. இத யாரும் கேக்கல. நானும் என்னையே கேட்டுக்கல."

வீட்டுக்கு வரும் வழியில் சித்தியவான் ஊரைத் தாண்டினோம். "அந்த ஆள நீ செய்யலியே" என்றார் அம்மா.

"எந்த ஆளு?"

"நவுறுன்னு சொல்றவர."

மறுநாள் கடையில் ஒரு குச்சியை எடுத்துச் செதுக்கினேன். மற்றவர்களைவிட அரை விரல் உயரம். கையில் ஒன்றுமில்லை, இரண்டு கையும் சும்மா தொங்குகிறது. இவருக்குப் பசை போடவில்லை. முதலில் இவரைத் தளத்தில் வைக்கவேண்டும், அப்புறம்தான் கயிற்றைத் தொடவேண்டும், இவர் இல்லாமல் பாடத்தைத் தொடங்கக்கூடாது என்று வாத்தியாருக்குக் குரல் அனுப்பினேன். சரி என்று ஒரே சொல்லில் பதில் வந்தது.

வாய் இருந்தால்தானே கத்த முடியும். மிகச் சின்னத் துளை போட நினைத்தேன். கடையில் இருந்த துளைக்கம்பிகள் எல்லாம் கீலுக்குப் போடுகிறவை. வாய் முகத்தில் பாதி வந்துவிட்டது. வேறு ஆள் செய்யலாமா என்று தவுக்கே கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, மஞ்சள் சாயத்தை எடுத்துத் தலைக்கவசம் பூசத் தொடங்கினேன்.