சோற்றைத் தொடாத பிலிப்பைன்காரர்

1978-ஆம் வருடம். துபாயில் ஜெபல் அலி துறைமுகத்துக்காக மண் தோண்டிக்கொண்டிருந்த காலம். அங்கே ஒரு கம்பெனி கேம்பில் நான் சமையல்காரனாக இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். குர்ஆன் ஓதவும் சமைக்கவும்தான் தெரியும்.

காலையில் புழுதியும் கடல் ஆவியும் கலந்து வெள்ளைத் திரை மாதிரி விழும். தூரத்து கிரேன்கள் காலில்லாமல் ஆகாயத்தில் மிதக்கும். அந்த வெள்ளைக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே வருவார், பிலிப்பைன்ஸ் நாட்டு வெல்டர் ஒருவர். நாற்பது வயதிருக்கும். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "பாய், பஹுத் அச்சா" என்று சொல்லாமல் போகமாட்டார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் மெஸ்ஸுக்கு வந்து தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். மறுநாளும் அப்படியே. என்னோடு சமைத்த அதிராம்பட்டினத்துக்காரருக்குக் கேலியை அடக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்.

"என்ன காக்கா, உங்க கறியைப் பாத்ததுமே மனுசன் துறவியாயிட்டாரு போல!"

எனக்குச் சுருக்கென்றது. மூன்றாம் நாள் கேம்ப் பாஸ் வந்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அந்த ஆள் என் சாப்பாட்டைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டேன். கேம்ப் பாஸ், அதாவது கேம்ப்பைக் கவனிக்கிற அதிகாரி, அரபுக்காரர். முகம் மாறிவிட்டது.

"சாப்பிடலையா? அப்ப ஸ்ட்ரைக். கலாஸ், முடிஞ்சது! நாளைக்கே ஊருக்கு ஏத்திடறேன்."

பக்கத்து கேம்பில் சம்பளத்துக்காகச் சாப்பிட மறுத்தவர்களை அந்த மாதம்தான் விமானம் ஏற்றியிருந்தார்கள். கரண்டியைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். பிலிப்பைன்காரர் ரூமுக்கு ஓடினேன்.

அரைகுறை ஹிந்தியில் அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன். ஊரில் அவர் பள்ளிக்கூட வாத்தியார். ராணுவச் சட்டம் வந்த காலத்தில், நிலத்தைவிட்டு விரட்டப்பட்ட விவசாயிகளோடு போய் வழியை மறித்து உட்கார்ந்தவர். அடித்தாலும் திருப்பி அடிக்காதீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். அதற்காக ஒரு வருடம் ஜெயில். கூட்டாளிகள் இன்னும் உள்ளேதான் இருந்தார்கள். எங்களைக் கோர்ட்டில் நிறுத்தி விசாரியுங்கள் என்று கேட்டு அவர்கள் பட்டினி கிடப்பதாகக் கடிதம் வந்திருந்தது.

"அவங்க சாப்பிடாதப்ப எனக்கு எப்படி பாய் தொண்டையில இறங்கும்?" என்றார். நான் செய்துவிட்டு வந்ததைச் சொன்னேன். கோபப்படவில்லை. "ஊர்ல ஏர்போர்ட்டுக்கே மிலிட்டரி ஜீப் வந்து நிக்கும். டாக்ஸிச் செலவு மிச்சம்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு என்னை என்னவோ செய்தது. சாயங்கால அசர் தொழுகையை முடித்துவிட்டு நேராக கேம்ப் பாஸிடம் போனேன். கோள் சொன்னது என் தப்பு, கம்பெனி மேல் அவருக்குக் கோபமில்லை, கஷ்டத்தில் இருக்கும் கூட்டாளிகளுக்காக நோன்பு இருக்கிறார், நோன்பில் தண்ணீர் குடிப்பது அவர்கள் வழக்கம் என்றேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை.

கேம்ப் பாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நோன்புன்னா சூரியன் மறைஞ்சதும் மக்ரிபுக்குத் திறக்கணும். என் கண் முன்னால திறக்கட்டும். மறுத்தா அது ஸ்ட்ரைக்தான்."

நான் திரும்பி வந்து சொன்னதும், பிலிப்பைன்காரர், "அவங்களுக்கு இது துரோகமில்லையா?" என்று கேட்டார். நான் படித்தவனா, பதில் சொல்ல? "நீங்க வெளியே இருந்தாத்தானே பாய், அவங்களைப் பத்திப் பேச ஒரு ஆள் இருக்கும்? நான் கஞ்சி காய்ச்சுறேன், வாங்க" என்றேன்.

ரமலான் இல்லை. ஆனாலும் எங்கள் பள்ளிவாசலில் காய்ச்சுவது போலவே அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு போட்டுக் காய்ச்சினேன். சூரியன் புழுதிக்குள் கரைந்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ தொழுகைக்கு அழைக்கும் பாங்கு தண்ணீர் மேல் மிதந்து வருவதுபோல் வந்தது. கேம்ப் பாஸ் கையைக் கட்டி நின்றார். பிலிப்பைன்காரர் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். நான் பிஸ்மில்லாஹ் சொன்னேன். அவர் கோப்பையை வாங்கினார். கண்ணை மூடி ஒரு வாய் குடித்தார்.

"தய்யிப், நல்லது" என்று சொல்லிவிட்டுக் கேம்ப் பாஸ் போய்விட்டார்.

பிலிப்பைன்ஸிலிருந்து கடிதம் வர இரண்டு வாரமாகும். அங்கே அவர்கள் சாப்பிட்டார்களோ இல்லையோ என்று தெரியாமலே, இவர் தினமும் பகலெல்லாம் பட்டினி இருந்து மக்ரிபுக்குக் கஞ்சி குடித்தார். நானும் அவரோடு நோன்பு வைத்தேன். கடைசியில், பட்டினி முடிந்தது, எல்லாரும் உயிரோடிருக்கிறார்கள் என்று கடிதம் வந்தது.

காண்டிராக்ட் முடிந்ததும், ஜீப் நிற்கும் என்று தெரிந்தே ஊருக்குப் போனார். போகாதீர்கள் என்றேன், கேட்கவில்லை. அதன்பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

இப்போதும் யாராவது என் வீட்டில் சாப்பிடாமல் எழுந்தால், என் சமையலுக்கு என்ன குறை என்று நான் நினைப்பதில்லை. இவர் மனசில் யார் பசித்திருக்கிறார்களோ என்றுதான் முதலில் நினைக்கிறேன்.