டார்ச் லைட்டும் பதினொரு பொதிச்சோறும்

என் அலமாரியின் கீழ்த்தட்டில் வெகுகாலம் ஒரு டார்ச் லைட்டு கிடந்தது. இரண்டு பேட்டரிக் கட்டை போடுகிற, எவர்சில்வர் உடம்புள்ள பழைய டார்ச். அப்பா இறந்த பிறகு அவருடைய சாமான்களை ஒதுக்கியபோது யாரும் கேட்காமல் கிடந்ததை நான் எடுத்து வந்தேன். அப்பாவின் நினைவுக்காக எடுத்தேன் என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அது அப்பாவுடையதே அல்ல. மாமி வாங்கியது, ஒரு குகையைப் பார்ப்பதற்கென்றே வாங்கியது. அந்தக் குகைக்குள் டார்ச் போனது, நாங்கள் பத்துப் பேர் போனோம், மாமி போகவில்லை. இதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

மாமி அப்பாவின் தங்கை. கல்யாணம் கழியாமல் ஆரியங்கோட்டில் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் அண்டி ஆப்பீசில் வேலை. முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கிற இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். காலையில் ஒரு சின்னப் பலகையில் குந்தினால் சாயங்காலம்தான் எழும்பலாம். கொட்டையின் கறை பட்டு மாமியின் விரல்கள் எப்போதும் கறுத்திருக்கும். பக்கத்துப் பலகைக்காரி ஒருத்தி மலைமேல் இருந்த அந்தக் குகைக்குப் போய்வந்து கதை கதையாகச் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து மாமிக்கு ஒரே பேச்சுத்தான். சேலை வேண்டும், நகை வேண்டும் என்று அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் குகையை மட்டும் கேட்டாள். ஒரு வருஷம் கேட்டாள். அப்பா கடைசியில் சம்மதித்தார். சம்மதித்த மறுநாள் மாமி வெள்ளறடைக்குப் போய் டார்ச் வாங்கி வந்தாள்.

"குகைக்குள்ள கூரிருட்டாக்கும் மக்கா. நீ எனக்க கையப் பிடிச்சுக்க, நான் வெட்டம் அடிக்கேன்" என்றாள் என்னிடம். எனக்கு அப்போது பத்து வயது. பிடித்துக்கொள்கிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். போவதற்கு முந்தின நாள் அவள் தேங்காயெண்ணெயும் சாம்பலும் போட்டு விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கறை போகவில்லை. தோல்தான் சிவந்தது.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு கொள்கை உண்டு. எங்கே போனாலும் கடைச்சோறு தின்னக்கூடாது. இந்தக் கொள்கையை வகுத்தவர்கள் ஆண்கள், அடுப்பில் வேகிறவர்கள் பெண்கள். அன்றைக்கும் மாமிதான் வெளுப்பதற்கு முன்பே எழும்பி, வாழையிலையைத் தீயில் வாட்டி, சோறும் மரச்சீனிக் கிழங்கும் தேங்காய்ச் சம்மந்தித் துவையலும் பொரித்த சாளை மீனும் வைத்துப் பதினொரு பொதி கட்டினாள். பெரியப்பா வீட்டாரும் சேர்ந்து நாங்கள் பதினொரு பேர். வேனில் மாமி பொதிக்கூடையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, டார்ச்சை மடியில் வைத்திருந்தாள். வழியில் இரண்டு தடவை பொத்தானை அமர்த்திப் பார்த்தாள். பகல் வெளிச்சத்தில் எரிகிறதா என்று தெரியாமல் கையால் மறைத்துப் பார்த்தாள்.

வேன் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. டிரைவர் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். அங்கிருந்து ஜீப்பில் மேலே போனோம். குகை வாசலில் இருந்த காவல்காரர் கூடையைப் பார்த்ததுமே கையை நீட்டித் தடுத்தார். தின்கிற சாதனம் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. வெளியே வைத்துவிட்டுப் போகலாமென்றால் சுற்றிலும் குரங்குகள். சாளையின் மணத்துக்கு அவை ஏற்கெனவே கிட்டே வந்து இரிக்கத் தொடங்கியிருந்தன. ஒரு நிமிஷம் எல்லாரும் சும்மா நின்றோம். அந்த ஒரு நிமிஷத்தை நான் மன்னிக்கவே மாட்டேன். எல்லார் கண்ணும் மெதுவாக ஒரே இடத்துக்குப் போயிற்று.

"நான் இரிக்கேன், நீங்க பாத்திட்டு வாருங்க" என்றாள் மாமி.

ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், "நீ முதல்ல போ, நான் பொறவு போறேன்" என்று சொல்லியிருந்தால் போதும். அப்பா சொல்லவில்லை. பெரியப்பா சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை, அவளுக்கும் குகை பார்க்க ஆசை இருந்திருக்கும். நானும் சொல்லவில்லை. மாமி என் கையில் டார்ச்சைத் தந்து, "பத்திரமா பிடிச்சுக்க" என்றாள். வாசலுக்கு எதிரே கிடந்த மரப்பெஞ்சில் போய் உட்கார்ந்து கூடையை மடியில் ஏற்றிக்கொண்டாள். வருஷம் முழுக்கக் குந்தியிருந்து வேலை செய்கிறவளை மலைமேல் கொண்டுபோய் மறுபடியும் உட்காரவைத்தோம்.

குகையை வர்ணிக்க வேண்டிய இடம் இது. எனக்கு மனமில்லை. வெளியே வந்ததும் எல்லாருக்கும் பசி. மாமி ஒவ்வொருவருக்கும் பொதியை அவிழ்த்துத் தந்தாள், தண்ணீர் ஊற்றினாள், குரங்கை விரட்டினாள். பிறகு என்னிடம், "டார்ச்சு உபகாரப்பட்டதா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சிரித்தார். "எடியே, உள்ள கல்யாண வீடு மாதிரி லைட்டு போட்டிருக்கு. டார்ச்சு வாங்கிட்டு வந்திருக்கா, புத்தியில்லாத மண்டி." எல்லாரும் சிரித்தார்கள். மாமியும் சிரித்தாள்.

சாப்பிட்டு முடிந்ததும் இலைகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டே அவள் கேட்டாள். "அண்ணா, நான் உள்ள ஒண்ணு கேறிப் பாத்திட்டு ஓடி வரட்டா?"

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இனியாக்கும் உனக்கு குகை பாக்கணும். வண்டிக்காரன் காத்து நிக்கியான். இன்னொருக்கா வரலாம்."

அந்த வண்டிக்காரர் திரும்புகிற வழியில் ஓர் அணைக்கட்டுப் பூங்காவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்து நின்றார். அப்பாவும் பெரியப்பாவும் புல்லில் துண்டை விரித்துப் படுத்து ஒரு தூக்கமும் போட்டார்கள். செத்தவர்களைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்கிறேன். அப்பா ஊருக்கெல்லாம் நல்ல மனிதர். கூடப்பிறந்தவள் ஒரு வருஷம் கேட்ட ஒன்றை மறுக்க அவருக்கு ஒரு கைக்கடிகாரம் போதுமாக இருந்தது. இன்னொருக்கா வரவே இல்லை. டார்ச்சையும் அவரே வைத்துக்கொண்டார், ரப்பர் தோட்டத்துக்குப் போக வசதியாக இருந்ததாம்.

போன வருஷம் என் கணவர் வீட்டாரோடு அதே குகைக்குப் போனேன். டார்ச்சைக் கைப்பையில் கொண்டுபோயிருந்தேன், மாமிக்காக உள்ளே ஒரு தடவை அடித்துப் பார்க்க வேண்டும் என்று. இப்போது பெஞ்சு சிமெண்டு. காவல்காரர் வேறு, சட்டம் அதேதான். எங்களிடம் இரண்டு பை நிறையச் சாப்பாடு. எல்லாரும் சும்மா நின்றோம். என் கணவரின் அக்காவுக்கும் கல்யாணம் கழியவில்லை. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். "சேச்சி, நீங்க இஞ்ச ஒண்ணு இரிப்பியளா? நாங்க கேறிட்டு வாறோம்." சொன்னது நான்தான். முப்பது வருஷமாக அப்பாவைத் திட்டிக்கொண்டிருக்கிற இதே வாய்தான். சேச்சி, "அதுக்கென்ன, நான் இரிக்கேன்" என்று பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தில் கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. பையைப் பிடுங்கினேன். அவர் பதறிப்போனார். "போங்க சேச்சி, உள்ள போங்க" என்று கத்தியே விட்டேன். டார்ச்சையும் அவர் கையில் திணித்தேன். என் கணவர் என்னமோ ஏதோவென்று பார்த்தார். அவர்கள் திரும்பி வரும்வரை நான் அந்தப் பெஞ்சில் பைகளோடு உட்கார்ந்திருந்தேன். வெயில் நேரே முகத்தில் அடித்தது. உள்ளேயிருந்து ஆட்கள் பேசுவதும் சிரிப்பதும் கேட்டுக்கொண்டே இருந்தது. அது அங்கே கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆரியங்கோட்டுக்குப் போய் டார்ச்சை மாமியிடம் கொடுத்தேன். அவளுக்கு இப்போது மூட்டு இரண்டும் போய்விட்டது. படி ஏற முடியாது. அண்டி ஆப்பீசை விட்டு வெகுகாலமாகிறது, விரல்களில் கறை இல்லை. நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப பொதியெல்லாம் ஆரு பாத்துக்கிட்டது?" என்றாள்.

"நான்தான் மாமி."

"நீ கேறல்லியா?"

"நான் சின்னதுல பாத்தாச்சுல்லா."

மாமி பொத்தானை அமர்த்தினாள். எரிந்தது. வெளிச்சத்தைச் சுவரில் அடித்து, மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தாள். "உள்ள எப்பிடி இருக்கும் மக்கா? அண்ணைக்கு ஒருத்தரும் சொல்லல்ல" என்றாள்.

அவள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. வேனில் அத்தனை தூரம் திரும்பி வந்தோம், அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம், ஒரு வாய்கூட அவளிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று கண்ணை மூடி யோசித்தேன். பாறை ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மரப்பெஞ்சும் மடியில் கூடையும்தான் வந்தன.

"லைட்டு போட்டிருந்துச்சு மாமி" என்றேன்.

"லைட்டு உண்டுண்ணு அண்ணன் சொன்னாரு" என்றாள் மாமி. "பொறவு?"